ஒரே ஊர், ரெண்டு ‘ஸ்ரீ’: பைத்தான் கோடு ஏன் நம்ம பேச்சைக் கேட்க மாட்டேங்குது?

ஸ்ரீவில்லிபுத்தூர். ஶ்ரீவில்லிபுத்தூர்.

இந்த ரெண்டு சொல்லையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் பைத்தானிடம் ‘இது ரெண்டும் ஒண்ணா?’ என்று கேட்டால், ‘ஃபால்ஸ்’ என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். எரர் வராது, சிவப்பு எழுத்து வராது. இல்லைன்னு சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

கோடிங் கத்துக்கிறவர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான். கத்திச் சொல்லும் தப்பு ஒரு வகை, கமுக்கமாக இருக்கும் தப்பு இன்னொரு வகை. முதல் வகையைப் பத்து நிமிஷத்தில் சரி செய்துவிடலாம். ரெண்டாவது வகைதான் மார்க்கையும் கெடுக்கும், பின்னால் வேலைக்குப் போனால் பில்லையும் கெடுக்கும்.

2019-20 கல்வியாண்டில் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியலுக்குப் பைத்தான் வந்தது. ராஜபாளையம் ராம்கோ இன்ஸ்டிடியூட், பி.ஏ.சி.ஆர். பாலிடெக்னிக், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் என்று ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன. இதுபோக 2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், சென்னை ஐஐடி நடத்தும் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு, யூடியூப் வீடியோக்கள். பைத்தான் கற்க வழி நிறைய இருக்கிறது. எரர் வந்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள்தான் குறைவு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குறிப்பு. கீழே வரும் கோடுகளில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறோம். புரிவதற்காக மொழிபெயர்த்தது என்று நினைக்க வேண்டாம். பைத்தான் 3-ல் ‘விலை’, ‘எடை’ என்று தமிழில் பெயர் வைத்தால் அப்படியே ஓடும். >>> என்று மூணு அம்புக்குறி தெரியும் இடத்தில் அடித்துப் பாருங்கள்.

முதல்ல சிவப்பு எழுத்தைப் படிங்க

எரர் வந்ததும் பலர் செய்வது என்ன? திரை முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் கோடு முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி அடிப்பது. அது வேண்டாம்.

அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பெயர் ‘ட்ரேஸ்பேக்’. அதைக் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும். என்ன வகை எரர், எதனால் என்று அது சொல்லும். அதற்கு மேல் வரியில் எந்த லைனில் நடந்தது என்று இருக்கும். மற்றதெல்லாம் பைத்தான் அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்ற பயணக் குறிப்பு.

கடைசி வரியில் அடிக்கடி வரும் பெயர்கள் ஏழெட்டுதான். ‘சின்டாக்ஸ் எரர்’ என்றால் எழுதிய முறையே தப்பு, புரோகிராம் ஓடவே ஆரம்பிக்கவில்லை. ‘நேம் எரர்’ என்றால் நீங்கள் சொன்ன பெயரில் யாரையும் தெரியாது என்கிறது. அநேகமாக ஸ்பெல்லிங் தப்பு, இல்லையென்றால் பெரிய எழுத்து சின்ன எழுத்து குழப்பம். ‘டைப் எரர்’ என்றால் சேராத ரெண்டைச் சேர்க்கப் பார்த்திருக்கிறீர்கள். ‘வேல்யூ எரர்’ என்றால் வகை சரி, உள்ளே இருக்கும் சரக்குதான் சரியில்லை. ‘இன்டெக்ஸ் எரர்’ என்றால் பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டிருக்கிறீர்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. பைத்தான் காட்டும் லைனில்தான் தப்பு இருக்கும் என்று கட்டாயமில்லை. ஏழாவது லைனில் ஒரு அடைப்புக்குறியை மூட மறந்திருந்தால், பழைய வெர்ஷன்கள் எட்டாவது லைனைக் காட்டி ‘இன்வேலிட் சின்டாக்ஸ்’ என்று மட்டும் சொல்லும். எட்டாவது லைனை எத்தனை முறை பார்த்தாலும் அதில் ஒரு குறையும் இருக்காது. காட்டும் லைன் சரியாக இருந்தால் அதற்கு முந்தைய லைனைப் பாருங்கள்.

2021 அக்டோபரில் வந்த 3.10 வெர்ஷனில் இந்தச் செய்திகளை நன்றாகவே திருத்தியிருக்கிறார்கள். மூடாத அடைப்புக்குறியை இப்போது நேரடியாகச் சுட்டிக்காட்டும். கோலன் விட்டுப்போனால் ‘கோலன் எதிர்பார்த்தேன்’ என்று சொல்லும். ஒற்றைச் சமக்குறி போட்ட இடத்தில் ‘இரட்டைச் சமக்குறியா?’ என்று கேட்கும். ஸ்பெல்லிங் தப்பினால் ‘இதைச் சொன்னீங்களா?’ என்று நெருங்கிய பெயரைக் காட்டும். அடுத்த ஆண்டு வந்த 3.11, ஒரு லைனுக்குள் எந்தத் துண்டில் சிக்கல் என்பதையும் அடிக்கோடு போட்டுக் காட்டுகிறது. லேப் கம்ப்யூட்டரில் பழைய வெர்ஷன் இருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இலவசம்தான்.

பழைய வீடியோ பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பிரிண்ட்’டுக்குப் பிறகு அடைப்புக்குறியே இல்லாமல் எழுதினால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த வீடியோவை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரெண்டு கிலோ பால்கோவா நாலு லட்சமா?

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையே உதாரணமாக எடுத்துக்குவோம். கிலோ 400 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். கடைக்கு ஒரு சின்ன பில் புரோகிராம். ‘இன்புட்’ மூலமாக விலையைக் கேட்கிறோம், ஆள் 400 என்று அடிக்கிறார். ரெண்டு கிலோவுக்கு ரெண்டால் பெருக்குகிறோம்.

>>> விலை = "400"
>>> விலை * 2
'400400'

800 ரூபாய் வர வேண்டிய இடத்தில் நாலு லட்சத்து நானூறு. எரரும் வரவில்லை.

காரணம் சின்னதுதான். ‘இன்புட்’ வழியாக வருவது எதுவாக இருந்தாலும் பைத்தானுக்கு அது எழுத்துச் சரம், அதாவது ‘ஸ்ட்ரிங்’. எண்ணை அடித்தாலும் அப்படித்தான். ஸ்ட்ரிங்கை ரெண்டால் பெருக்கினால் ரெண்டு முறை ஒட்டி எழுதித்தரும். கூட்டப் பார்த்தாலாவது டைப் எரர் வந்து காப்பாற்றும். பெருக்கினால் அதுவும் இல்லை.

தீர்வு: வாங்கும்போதே ‘இன்ட்’ அல்லது ‘ஃப்ளோட்’ போட்டு எண்ணாக மாற்றிவிடுங்கள். அரைக்கிலோ, முக்கால் கிலோ எல்லாம் வரும் என்றால் ‘ஃப்ளோட்’. ‘இன்ட்’டிடம் "12.5" என்று கொடுத்தால் வேல்யூ எரர்தான் வரும். ஒன்றும் அடிக்காமல் என்டர் தட்டினாலும் அதே எரர்.

இதே தப்பின் இன்னொரு முகம் இன்னும் மோசம். மார்க் பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்துகிறீர்கள். மார்க்குகள் ஃபைலில் இருந்து ஸ்ட்ரிங்காகவே வந்திருக்கின்றன.

>>> "9" > "100"
ட்ரூ

(திரையில் இந்தப் பதில் ஆங்கில எழுத்தில் வரும்.) அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்தை மட்டும் முதலில் ஒப்பிடும். 9, 1-ஐ விடப் பெரிது. ஆகவே ஒன்பது மார்க் எடுத்தவர் சதம் அடித்தவருக்கு மேலே போய் உட்கார்ந்துவிடுவார். பத்துப் பேர் பட்டியல் என்றால் கண்ணில் படும். ஆயிரம் பேர் பட்டியலில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

கமா போட்டா கதை கந்தல்

1,200 ரூபாய் என்று எழுதிப் பழகிய கை, கோடிலும் கமா போடும்.

>>> விலை = 1,200
>>> விலை
(1, 200)
>>> விலை * 2
(1, 200, 1, 200)

கமா என்றால் பைத்தானுக்கு ‘அடுத்த உருப்படி’ என்று அர்த்தம். ஆகவே ஒன்றும் இருநூறுமாக ரெண்டு எண் கொண்ட ஒரு தொகுப்பை உங்களுக்குக் கொடுக்கிறது. இங்கேயும் எரர் கிடையாது. எண்ணைப் பிரித்து எழுத ஆசையாக இருந்தால் கமாவுக்குப் பதில் அடிக்கோடு போடலாம். 1_00_000 என்று நம்ம லட்சக் கணக்கில் பிரித்தாலும் பைத்தான் ஏற்றுக்கொள்ளும்.

பயன்படுத்துபவர் "1,200" என்று கமாவோடு அடித்தால் ‘இன்ட்’ அதை ஏற்காது. முதலில் ‘ரீப்ளேஸ்’ போட்டு கமாவை எடுத்துவிட வேண்டும்.

ஒரு சுவாரசியம். தமிழ் எண்களை "௧௨" என்று ஸ்ட்ரிங்காக ‘இன்ட்’டிடம் கொடுத்துப் பாருங்கள். 12 என்று சரியாக மாற்றித்தரும். ஆனால் பத்தைக் குறிக்கும் "௰" கொடுத்தால் வேல்யூ எரர். அது இலக்கம் இல்லையாம். தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

சரி, அந்த ‘ஸ்ரீ’ விஷயம் என்ன?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலகத்தில் உள்ள எழுத்துகளுக்கெல்லாம் யூனிகோடு ஒரு எண் கொடுத்து வைத்திருக்கிறது. ‘ஸ’ என்ற எழுத்தின் எண் 3000. ‘ஶ’ என்று ஒரு எழுத்து இருக்கிறது, அதன் எண் 2998. ‘ஆர்டு’ என்ற செயற்கூறைக் கேட்டால் பைத்தானே சொல்லும்.

இந்த ‘ஶ’ யூனிகோடுக்குள் வந்தது 2005-ல், 4.1 வெர்ஷனில். அதுவரை ‘ஸ்ரீ’ என்று எழுத ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற வரிசைதான் வழக்கம். ‘ஶ’ வந்த பிறகு, ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்பதுதான் பொருத்தமான வரிசை என்று ஆனது. ஆனால் அதற்குள் பழைய முறையில் ஏராளமாக எழுதியாகிவிட்டது. எல்லா கீபோர்டும் மாறவும் இல்லை. அதனால் இன்றைக்கும் ரெண்டு விதமும் புழக்கத்தில் இருக்கின்றன. ரெண்டும் சேர்ந்து ஒரே வடிவமாகத்தான் திரையில் தெரியும்.

ஒரு உதவித்தொகை விண்ணப்பப் பட்டியலை ஊர் வாரியாகப் பிரிக்கும் புரோகிராமை நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் ஒரு கீபோர்டில் ஊர்ப் பெயரை அடித்திருக்கிறார்கள், மீதிப் பேர் வேறு ஒன்றில். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று தேடினால் ஒரு பாதிதான் வரும். மற்றவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் தேடுதலில் இல்லை. புரோகிராம் எழுதியவர் திரையில் பார்த்தால் எல்லாப் பெயரும் ஒரே மாதிரி இருக்கும். எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதே மாதிரி ‘கோ’விலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் என்ற பெயரில் உள்ள ‘கோ’வை, க-வும் ஓகாரக் குறியும் என ரெண்டு குறியீடாகவும் எழுதலாம். க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூணாகவும் எழுதலாம். பைத்தான் இதையும் வேறு வேறாகத்தான் பார்க்கும். ஆனால் இதற்கு மருந்து கையோடு இருக்கிறது. ‘யூனிகோடுடேட்டா’ என்ற மாட்யூலில் ‘நார்மலைஸ்’ என்று ஒன்று உண்டு. அதில் ‘என்எஃப்சி’ என்று சொன்னால் எல்லா ‘கோ’வையும் ஒரே விதமாக்கிவிடும்.

‘ஸ்ரீ’க்கு அந்த மருந்து வேலை செய்யாது. ஸ-வும் ஶ-வும் வேறு வேறு எழுத்து என்பதால் யூனிகோடு அவற்றை ஒன்றாக்காது. நாமேதான் ‘ரீப்ளேஸ்’ போட்டு, ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் உள்ளே வந்த உடனேயே, ஒப்பிடுவதற்கு முன்னால். கூடவே ‘ஸ்ட்ரிப்’ போட்டு முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸையும் வெட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் சில கீபோர்டுகளில் இருந்து உள்ளே நுழைந்துவிடும், அவற்றை ‘ஸ்ட்ரிப்’ எடுக்காது. சந்தேகம் வந்தால் ‘லென்’ போட்டு நீளத்தைப் பாருங்கள். ஒன்றாகத் தெரியும் ரெண்டு பெயர்களின் நீளம் வேறுபட்டால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது. ‘ஸ்ரீ’ விஷயத்தில் அந்தச் சோதனையும் கை கொடுக்காது. ரெண்டு விதத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரின் நீளம் 18-தான். ஒவ்வொரு எழுத்தையும் ‘ஆர்டு’ போட்டுப் பார்ப்பதுதான் வழி.

18-ஆ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ‘லென்’ எண்ணுவது நம்ம எழுத்துகளை இல்லை, குறியீடுகளை. ‘தமிழ்’ நமக்கு மூணு எழுத்து. பைத்தானுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அஞ்சு. ராஜபாளையம் நமக்கு ஆறு, பைத்தானுக்குப் பத்து. தமிழ்ச் சொல்லைத் திருப்பி எழுதும் புரோகிராம் போட்டால் புள்ளி ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் என்று சிதறி விழுவதும் இதனால்தான். நம்ம கணக்குப்படி எழுத்து எழுத்தாகப் பிரிக்க ‘ஓப்பன்-தமிழ்’ என்ற இலவச லைப்ரரி இருக்கிறது. தமிழிலேயே கோடு எழுதுவதற்காக ‘எழில்’ என்ற மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையின் முயற்சி இது. அந்த ‘எழில்’ மொழியையே அவர் பைத்தானில்தான் எழுதினார்.

போனில் கோடு எழுதுறீங்களா?

வீட்டில் லேப்டாப் இல்லாமல் ‘பைட்ராய்டு’ ஆப்பிலோ, பிரவுசரில் ‘கூகுள் கோலாப்’ திறந்தோ போனிலேயே பழகுபவர்கள் நிறைய. தாராளமாகச் செய்யலாம். ஆனால் போனுக்கென்றே சில தப்புகள் உண்டு.

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கோடை காப்பி செய்து ஒட்டுகிறீர்கள். அதில் மேற்கோள் குறி நேராக " என்று இல்லாமல் “ ” என்று வளைந்திருந்தால் சின்டாக்ஸ் எரர். வேர்டு ஃபைலில் கொடுக்கப்படும் நோட்ஸிலும் இதே கதைதான். வளைந்த குறிகளை அழித்துவிட்டு ஆப்பிலேயே புதிதாக அடியுங்கள். வெப்சைட்டில் இருந்து எடுத்த கோடில் பார்க்க ஸ்பேஸ் போலவே இருக்கும் வேறு வகை ஸ்பேஸ் வரலாம். ‘நான்-பிரின்டபிள் கேரக்டர்’ என்று எரர் வந்தால் அதுதான்.

கீபோர்டு வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கினால் ‘பிரிண்ட்’ நேம் எரர் ஆகிவிடும். ரெண்டு முறை ஸ்பேஸ் தட்டினால் புள்ளி வைக்கும் வசதி சாட்டிங்குக்கு நல்லது, பைத்தானுக்கு ஆகாது. செட்டிங்ஸில் ரெண்டையும் அணைத்துவிடுங்கள்.

வரியின் முன்னால் விடும் இடைவெளி

ஏன் ஸ்பேஸுக்கு இவ்வளவு கவனம்? மற்ற மொழிகளில் வளைவு அடைப்புக்குறி செய்யும் வேலையைப் பைத்தானில் இடைவெளி செய்கிறது. எந்த வரி எந்த வரிக்குக் கீழே அடங்கும் என்பதை முன்னால் விட்டிருக்கும் இடம்தான் முடிவு செய்யும். நாலு ஸ்பேஸ் என்பது வழக்கம். ஓரிடத்தில் டேப், இன்னோரிடத்தில் ஸ்பேஸ் என்று கலந்தால் ‘டேப் எரர்’. எடிட்டர் செட்டிங்ஸில் டேப்பை ஸ்பேஸாக மாற்றும் வசதி இருக்கும், அதை ஒருமுறை போட்டுவிட்டால் பிரச்சனை தீர்ந்தது.

எரர் வராத இடைவெளித் தப்புதான் ஆபத்து. 30 மாணவர்களின் மார்க்கைக் கூட்டும் செயற்கூறு எழுதுகிறீர்கள். ‘ரிட்டர்ன்’ வரியை மடக்குக்கு வெளியே வைப்பதற்குப் பதிலாக உள்ளே தள்ளிவிட்டீர்கள். முதல் மாணவரின் மார்க்கைக் கூட்டியதுமே ‘முடிஞ்சுது’ என்று வெளியே வந்துவிடும். 30 பேரின் மொத்தம் என்று நீங்கள் நினைப்பது ஒருவரின் மார்க். பதில் ஏதோ ஒரு எண்ணாக வருவதால் சந்தேகமும் வராது. விடை தெரிந்த சின்னக் கணக்கு ஒன்றை முதலில் போட்டுப் பாருங்கள். மூணு பேர், 10, 20, 30. 60 வரவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள்.

‘வைல்’ மடக்கில் எண்ணிக்கையைக் கூட்டும் வரியை மறந்தால் முடிவே இல்லாமல் ஓடும். கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

மூணு துண்டு பேண்டேஜ்

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவமனை பேண்டேஜ் துணிக்குப் பெயர் போன ஊர். 10 சென்டிமீட்டர், அதாவது 0.1 மீட்டர் துண்டு மூணு வெட்டுகிறோம். மொத்தம்?

>>> 0.1 * 3
0.30000000000000004

பைத்தான் மட்டும் செய்யும் தப்பு இல்லை இது. கம்ப்யூட்டர் எண்களை ரெண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. மூணில் ஒரு பங்கை நாம் 0.3333 என்று எழுதி முடிக்க முடியாதது போல, பத்தில் ஒரு பங்கை அது முடிக்க முடியாது. எங்கேயோ வெட்ட வேண்டியிருக்கிறது. அந்த வெட்டுதான் கடைசியில் 4 ஆகத் தெரிகிறது.

இத்தனூண்டு வித்தியாசத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணிக்கொண்டிருந்தது. 0.1 என்ற எண்ணை வெட்டிச் சேமித்ததால் ஒவ்வொரு முறையும் ஒரு துளி பிழை. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து மூணில் ஒரு வினாடி ஆனது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். அது பைத்தானில் எழுதிய புரோகிராம் இல்லை. ஆனால் 0.1-ஐ வெட்ட வேண்டியிருக்கும் அந்தச் சிக்கல் இன்றைக்கும் உங்கள் திரையில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது: தசம எண்கள் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்கக் கூடாது. பணமாக இருந்தால் எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். இல்லையென்றால் ‘டெசிமல்’ மாட்யூல். ‘ரவுண்ட்’டை நம்பி பில் போடுபவர்கள் கவனிக்க: 2.5-ஐ ரவுண்ட் செய்தால் பைத்தான் 3-ல் 2 வரும், 3.5-ஐச் செய்தால் 4 வரும். சரிபாதியில் நின்றால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். பள்ளியில் படித்த விதி வேறு.

எண்ணிக்கை, நகல், பெயர்

பட்டியலில் முதல் உருப்படி பூஜ்யம். இதைச் சொல்லாத ஆசிரியர் இருக்க மாட்டார், ஆனாலும் தப்பு வரும். ராஜபாளையத்தில் பஸ் ஏறி மதுரைப் பக்கம் போனால்:

>>> ஊர்கள் = ["ராஜபாளையம்", "ஸ்ரீவில்லிபுத்தூர்", "கிருஷ்ணன்கோவில்"]
>>> ஊர்கள்[1]
'ஸ்ரீவில்லிபுத்தூர்'

மூணு ஊர் இருந்தாலும் ஊர்கள்[3] என்று கேட்டால் இன்டெக்ஸ் எரர்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம்.

>>> நேற்று = [40, 35]
>>> இன்று = நேற்று
>>> இன்று[0] = 99
>>> நேற்று
[99, 35]

இன்றைய கணக்கை மாற்றினோம், நேற்றையது மாறிவிட்டது. சமக்குறி போட்டால் நகல் எடுத்ததாக அர்த்தமில்லை. ஒரே பட்டியலுக்கு ரெண்டாவது பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், ஸ்கூலில் ஒரு பெயர் மாதிரி. உண்மையான நகல் வேண்டும் என்றால் இன்று = நேற்று[:] என்று எழுத வேண்டும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம். ‘ரேண்டம்’ மாட்யூலைப் பழகுவதற்காக எழுதிய ஃபைலுக்கு ‘ரேண்டம்’ என்றே பெயர் வைத்தால், இம்போர்ட் செய்யும்போது பைத்தான் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். பிறகு ‘அப்படி ஒரு செயற்கூறே இல்லை’ என்று எரர். 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் பெயரை மாற்றச் சொல்லி அதுவே யோசனை தருகிறது. அதற்கு முந்தைய வெர்ஷன்களில் நீங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ-யிடம் ‘கோடு எழுதிக் கொடு’ என்று கேட்டால் எழுதிக் கொடுத்துவிடும். பிராக்டிகல் தேர்வில் அது பக்கத்தில் உட்கார்ந்திருக்காது. ட்ரேஸ்பேக்கின் கடைசி வரியையும் அந்த லைனையும் கொடுத்து ‘இது ஏன் வருது, தமிழில் சொல்லு’ என்று கேட்பது எங்கள் பார்வையில் நல்ல வழி. சொன்னதை ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள், அதுவும் தப்புச் சொல்லும்.

கிளாஸ் குரூப்பில் கேட்கும்போது திரையைச் சாய்வாகப் போட்டோ எடுத்து ‘எரர் வருது, ஹெல்ப்’ என்று போடுவதை விட்டுவிடுங்கள். போட்டோவில் இருக்கும் கோடை யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது. கோடை எழுத்தாக அனுப்புங்கள், முழுவதும் வேண்டாம், தப்பு வரும் பத்து லைன் போதும். கூடவே ட்ரேஸ்பேக்கின் கடைசி வரி, பைத்தான் வெர்ஷன் எண், என்ன வர வேண்டும், என்ன வருகிறது. வாட்ஸ்அப் ஸ்பேஸைக் குலைத்துவிடும் என்பதால் ஃபைலாகவே அனுப்பினால் இன்னும் நல்லது. அதன் பெயர் ‘ரேண்டம்’ ஆக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.